கோரமண்டலில் ஒரு டிராகன் குட்டி



"உங்கள் சொந்த ஊர் எது?" என்று கேட்பவர்களிடம் "கோரமண்டல்" என்று சொன்னால், கல்கத்தாத் தமிழர்கள் சிரித்துவிடுவார்கள். "ரயில் பெயரைக் கேட்கவில்லை சார், ஊர்ப் பெயரைக் கேட்டோம்" என்பார்கள். 1977-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறாத வங்காளத் தமிழர் உண்டா? நம் வீட்டுக் கல்யாணம், கருமாதி, கோடை விடுமுறை எல்லாம் அந்த வண்டியில்தானே போய் வந்தன!

ஆனால் கோரமண்டல் என்று ஓர் ஊரும் இருக்கிறது. சோழமண்டலக் கரை என்பதுதான் வெள்ளைக்காரன் வாயில் கோரமண்டல் ஆனது என்பார்கள். நான் பிறந்த கோரமண்டலில் கடலும் இல்லை, கரையும் இல்லை. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் பதினாறு கிலோமீட்டர் கிளைப் பாதையில் அது ஒரு சிறிய நிலையம். தங்கச் சுரங்கங்களுக்காகவே 1894-இல் திறக்கப்பட்ட பாதை அது.

இன்றைய பிள்ளைகளிடம் கே.ஜி.எஃப். என்றால் 2018-இல் வந்த கன்னடப் படத்தைத்தான் சொல்வார்கள். அந்தப் படத்தில், சாகக் கிடக்கும் தாய், பெரும் பணக்காரனாக, பலம் படைத்தவனாக ஆன பிறகுதான் நீ சாகவேண்டும் என்று மகனிடம் வாக்கு வாங்குவாள். படம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. எங்கள் லைன் வீடுகளில் பெற்றவர்கள் பிள்ளைகளிடம் வாங்கிய வாக்கு வேறு. இரண்டே சொல்: கீழே இறங்காதே.

பெற்றோர் பிள்ளைகள்மேல் வைக்கும் எதிர்பார்ப்பைப் பற்றி எழுதுங்கள் என்று ஆசிரியர் குழு கேட்டபோது, என்னைவிடத் தகுதியான குற்றவாளி சங்கத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். நான் மகனாக இருந்தும் இதை அனுபவித்தேன். தகப்பனாக இருந்தும் செய்தேன்.

நைனா கேட்டது

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த குடும்பங்கள்தான் தங்கவயலின் தொழிலாளர்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையை எடுத்துக்கொண்ட காலத்திலிருந்தே தலைமுறை தலைமுறையாகக் கீழே இறங்கினார்கள். தாத்தா இறங்கினார், நைனா இறங்கினார்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம். உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். எங்கள் ஊரின் பெருமைகளை நானும் சொல்வேன்: 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, 1965-இல் அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் வானத்திலிருந்து வரும் நியூட்ரினோ துகளை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஆழத்துக்குத் தினமும் இறங்கி ஏறியவர்களின் பிள்ளைகளுக்கு ஊர் வேறு விதமாகத் தெரியும்.

ஏர் பிளாஸ்ட் என்று ஒன்று உண்டு. பூமிக்குள் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடிக்கும். மேலே வீட்டில் அடுக்கிவைத்த பாத்திரங்கள் உருண்டு விழும். அடுத்த நிமிடம் லைன் முழுவதும் கதவு திறக்கும் சத்தம். பெண்கள் தலைகூட வாராமல் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். எந்த ஷிஃப்ட், எந்த மட்டம், யார் யார் இறங்கினார்கள் என்று டோக்கனை எண்ணுவார்கள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருக்கிறேன். யாரும் பேசமாட்டார்கள். கேஜ் மேலே வரும். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்கள். நைனா ஒவ்வொரு முறையும் வந்தார். வராதவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள்.

எனக்குப் பதினாலு வயதில் ஓர் ஆயுத பூஜையன்று நைனா என்னை ஷாஃப்ட்டுக்கு அழைத்துப் போனார். மாலை போட்டு, சந்தனம் தெளித்த ராட்டினம்; அதில் சுற்றிய கம்பிக் கயிறு, என் கை தடிமன். நான் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். நைனா என் கையைத் தட்டிவிட்டார்.

"இந்தக் கயிறு உன் கையில படக்கூடாது. நீ இன்ஜினியராவணும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். பி.இ. சீட்டுக்கு என் மதிப்பெண் போதவில்லை. ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ கிடைத்தது. நைனா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் மூன்று வருடமும் அவர் என்னோடு அதிகம் பேசவும் இல்லை. "உன் பையன் இன்ஜினியருக்குத்தானே படிக்கிறான்?" என்று யாராவது கேட்டால், "ஏதோ படிக்கிறான்" என்பார். அந்த 'ஏதோ' என் நெஞ்சில் தைத்த முள். நான் நைனாவை ஏமாற்றிவிட்டேன் என்று நம்பினேன்.

1980-இல் கரக்பூரிலிருந்து ரயில்வே வேலைக் கடிதம் வந்தது. நைனா அன்று ஷிஃப்ட் முடிந்து, திண்ணையில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

"என்ன வேலைடா?"

"தண்டவாளம் பாத்துக்கிற வேலை நைனா."

"தரைக்கு மேலதானே?"

"ஆமா நைனா."

"அது போதும்" என்றார். கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, சோறு போடச் சொன்னார்.

அந்த "அது போதும்" என்ற இரண்டு சொல்லுக்கு அர்த்தம் புரிய எனக்கு இருபத்தாறு வருடம் ஆயிற்று. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

டிராகன் வருடம்

1988 ஆகஸ்டில் எனக்கு மகன் பிறந்தான். அடுத்த மாதமே ஏதோ அலுவலக வேலையாகக் கல்கத்தா வந்தவன், பெண்டிங்க் தெருவில் ஒரு சீனரின் செருப்புக் கடையில் ஷூ வாங்கினேன். கல்கத்தாவில் பழகியவர்களுக்குத் தெரியும், அந்தத் தெருவில் சீனர்களின் ஷூக் கடைகள் வரிசையாக இருக்கும். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகக் கல்கத்தாவில் வாழும் சமூகம் அது. தோல் பதனிடுபவர்கள், தச்சர்கள், பல் வைத்தியர்கள் என்று, நம்மைப் போலவே பிழைக்க வந்து வேர் விட்டவர்கள்.

கடைக்காரர் என் காலை அளந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார். மகன் பிறந்திருக்கிறான் என்றதும் அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் காட்டினார். அதில் மீசையும் கொம்பும் நகமுமாக ஒரு டிராகன் மேகத்தில் நெளிந்துகொண்டிருந்தது.

"சாப், இது டிராகன் வருஷம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும். உங்கள் வீட்டில் டிராகன் குட்டி பிறந்திருக்கிறது" என்றார் இந்தியில். பிறகு ஒரு சீனப் பழமொழி சொன்னார். மகன் டிராகன் ஆகவேண்டும் என்று ஆசைப்படுவதுதான் பெற்றவர் குணம் என்பது அதன் பொருள்.

நம் ஊர்க் கதைகளில் டிராகன் என்றால் நெருப்புக் கக்கும் அரக்கன் என்று நினைக்கிறோம். அது மேல்நாட்டு டிராகன். சீனர்களுக்கு அது மழை தரும் தெய்வம், அரசனின் சின்னம். மஞ்சள் ஆற்றில் கெண்டை மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி, டிராகன் வாசல் என்ற இடத்தில் துள்ளித் தாண்டினால் டிராகனாகிவிடும் என்று ஒரு கதையும் உண்டு. அரசாங்கத் தேர்வில் தேறுவதற்கு அந்தக் கதையைத்தான் உவமை சொல்வார்கள். தாண்ட முடியாத மீன் நெற்றியில் அடிபட்ட வடுவோடு திரும்பிவிடும். அந்த இரண்டாவது பாதியைக் கடைக்காரர் அன்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

இந்த டிராகன் நம்பிக்கை விளையாட்டல்ல. சிங்கப்பூரில் 1987-இல் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 43,600. மறு ஆண்டு, டிராகன் ஆண்டில், ஏறத்தாழ 52,900. பிள்ளை டிராகனாகப் பிறக்கவேண்டும் என்று அத்தனை பெற்றோர் நாள் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே ஆண்டில் பள்ளி வாசலிலும், ஒரே ஆண்டில் வேலை வாசலிலும் நின்று முட்டிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். சீனாவில் டிராகன் ஆண்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகத்தான் படிக்கிறார்கள் என்று அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பொருளியல் ஆய்வாளர்கள் கண்டார்கள். காரணம் நட்சத்திரமல்ல. இவன் டிராகன் என்று பெற்றோர் நம்பிவிட்டதால், அவனுக்குக் கூடுதல் நேரமும் பணமும் தருகிறார்கள். வீட்டு வேலைகூடக் குறைவாகவே வாங்குகிறார்கள். ஆகவே எதிர்பார்ப்பு கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நைனா எதிர்பார்க்காமல் விட்டிருந்தால் நானும் அந்தக் கேஜில் இறங்கியிருப்பேன். அதையும் மறக்கக்கூடாது.

சுவருக்கு அந்தப் பக்கம்

கரக்பூரில் ரயில்வே காலனியில் இருந்தோம். அதே ஊரில்தான் இந்தியாவின் முதல் ஐ.ஐ.டி. 1951-இல், வெள்ளைக்காரர்கள் சுதந்திரப் போராட்டக்காரர்களை அடைத்துவைத்த ஹிஜ்லி சிறைக் கட்டடத்தில் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் மகனை சைக்கிள் பாரில் உட்காரவைத்து அதன் சுற்றுச்சுவரை ஒட்டி ஓட்டிப் போவேன். "நீ படிக்கப்போற இடம் இதுதான்" என்பேன். அப்போது அவனுக்கு நாலு வயது.

பையன் மந்தமில்லை. ஆனால் புத்தகத்தைவிட, வீட்டுக்குப் பின்னால் ஷண்டிங் செய்யும் இன்ஜின்களின்மேல்தான் அவனுக்குக் கண். சத்தத்தை வைத்தே எந்த வகை என்று சொல்வான். நான் அதைத் திறமையாக எண்ணவில்லை; கவனச் சிதறல் என்று எண்ணினேன். ஒன்பதாம் வகுப்பில் கோச்சிங் சேர்த்தேன். கிரிக்கெட் மட்டையைப் பரண்மேல் போட்டேன். என் மனைவி ஒரு நாள், "பையன் தூக்கத்தில் ஃபார்முலா சொல்றான்" என்றாள். நல்லதுதானே என்றேன். இன்று அதை எழுதவே கை கூசுகிறது.

ஒவ்வொரு முறை அவனைக் கண்டிக்கும்போதும் ஒரே பாட்டைத்தான் பாடுவேன்: "உன் தாத்தா எத்தனை ஆழத்தில் வேலை செய்தார் தெரியுமா? நீ ஃபேன் காற்றில் உட்கார்ந்து படிக்க வலிக்கிறதா?" நைனா 1999-இல் காலமாகியிருந்தார். அவர் பட்ட பாட்டை எடுத்து, அவர் பேரனின் முதுகில் பிரம்பாக வீசிக்கொண்டிருந்தேன்.

1,072 மீட்டர்

2006 ஜூன் மாதம் நுழைவுத் தேர்வு முடிவு வந்தது. இவன் எண் இல்லை. நான் கத்தவில்லை. நைனா செய்ததைத்தான் செய்தேன்: பேசவில்லை. இரவு சாப்பாட்டுக்கு உட்காராமல் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ஒன்பதரை மணிக்கு மனைவி வந்து, "பையன் ரூமில் இல்லை" என்றாள்.

சைக்கிள் வீட்டில் இருந்தது. நண்பர்கள் வீட்டில் இல்லை. பத்தரை மணிக்கு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலையில் இருந்தவன் இரவு நேரத்தில் எதையெல்லாம் பார்த்திருப்பான் என்று விளக்கத் தேவையில்லை. கரக்பூர் நடைமேடை 1,072 மீட்டர் நீளம்; அன்று அதுதான் உலகத்திலேயே நீளமான நடைமேடை. அந்தப் பெருமையை விருந்தாளிகளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அன்றிரவு அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன். ஒவ்வொரு பெஞ்சாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பாதி வழியில்தான் அது உறைத்தது. ஒவ்வொரு முகமாகப் பார்ப்பது எனக்குப் புதிதல்ல. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஷாஃப்ட் வாசலில் நின்று பார்த்தது இதுதான். இந்த வாசலில் என் பிள்ளை நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் நைனா வாழ்நாள் முழுவதும் கீழே இறங்கினார். அவர் என்னை மேலே ஏற்றிவிட்டார். நானோ, தரைக்கு மேலே குடியிருந்துகொண்டே என் வீட்டுக்குள் ஒரு ஷாஃப்ட் தோண்டியிருந்தேன்.

நடைமேடையின் கடைசியில், விளக்கு முடியும் இடத்தில், மூட்டை ஏற்றும் தள்ளுவண்டிமேல் உட்கார்ந்திருந்தான். ஷண்டிங் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. வெகு நேரம் கழித்து அவன்தான் பேசினான்.

"அப்பா, தாத்தா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

எனக்குச் சட்டென்று திண்ணையும், ஈரக் காலும், திருப்பித் திருப்பிப் பார்த்த கடிதமும் நினைவுக்கு வந்தன.

"தரைக்கு மேலதானே இருக்கே, அது போதும்னு சொல்லியிருப்பாரு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இருபத்தாறு வருடம் கழித்து நைனாவை அன்றுதான் புரிந்துகொண்டேன். அவர் கேட்டது பி.இ. அல்ல, வெளிச்சம். இன்ஜினியர் என்பது அவருக்குத் தெரிந்த ஒரே வெளி வாசலின் பெயர், அவ்வளவுதான். அந்த மூன்று வருட மௌனம்கூடக் கோபமாக இருந்திருக்காது. டிப்ளமோ படித்தவனைச் சுரங்கத்திலேயே வேலைக்கு எடுத்துக்கொள்வார்களோ என்ற பயமாக இருந்திருக்கலாம். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

டிராகனின் ஒன்பது பிள்ளைகள்

சில மாதம் கழித்துப் பெண்டிங்க் தெருவுக்குப் போனேன். கடைக்காரர் மிகவும் தளர்ந்திருந்தார், என்னை நினைவில்லை. "1988-இல் டிராகன் குட்டி என்று சொன்னீர்களே" என்றதும் சிரித்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் தன் கதையைச் சொன்னார். 1962 போரின்போது இந்தியச் சீனர்கள் பலரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். அந்தப் பயத்தில் வளர்ந்தவர் அவர். இந்த ஊரில் இருக்காதே, எப்படியாவது கனடா போய்விடு என்று மகனை விரட்டிக்கொண்டே இருந்தாராம். மகன் போய்விட்டான். "நான் ஆசைப்பட்டதுதான் நடந்தது. இப்போது கடையைப் பூட்டச் சாவி வாங்க ஆள் இல்லை" என்றார்.

பிறகு இன்னொரு கதை சொன்னார். டிராகனுக்கு ஒன்பது பிள்ளைகள். ஒன்றுகூட அப்பனைப் போல டிராகன் ஆகவில்லையாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒன்றுக்குப் பாரம் சுமப்பதில் பிரியம். பார்க்க ஆமை போல இருக்கும் அதைக் கல்வெட்டுகளுக்கு அடியில் செதுக்கினார்கள். ஒன்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கோயில் மணியின் பிடியில் வைத்தார்கள். இசைப் பிரியனை யாழ் போன்ற வாத்தியத்தின் தலையிலும், சண்டைக்காரனை வாளின் கைப்பிடியிலும், புகை பிடித்தவனைச் சாம்பிராணிக் கும்பாவிலும், கதவைச் சாத்திக்கொண்டு கிடக்க விரும்பியவனை வாசற்கதவிலும் வைத்தார்கள். மிங் வம்சக் காலத்து அறிஞர்கள் இந்தப் பட்டியலை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

"ஒன்பதில் ஒன்றும் வானத்தில் பறக்கவில்லை சாப். ஆனால் ஒன்றையும் தூக்கி எறியவில்லை" என்றார் கிழவர்.

நம் கோயில் மண்டபங்களில் தூண் தாங்கும் யாளியை நினைத்துக்கொண்டேன். ஆயிரம் வருடமாக விதானத்தைச் சுமக்கிறதே, அது பறக்கவில்லையே என்று யாராவது குறை சொன்னோமா?

இருப்புப்பாதைக்காரன் கணக்கு

கொஞ்சம் கணக்கும் போடுவோம். 2006-இல் அந்தத் தேர்வுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். இடங்கள் ஐயாயிரத்துச் சொச்சம். அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பிள்ளைகள் தோற்றே ஆகவேண்டும், ஏற்பாடே அப்படி. தோல்வி விதியாகவும் வெற்றி விலக்காகவும் இருக்கும் ஒரு வாசலை வைத்துக்கொண்டு, தோற்றவனைக் குற்றவாளியாக்கினால் கணக்குத் தப்பு நம்முடையது.

தண்டவாளம் போட்டவர்களுக்குத் தெரியும். பதின்மூன்று மீட்டர் நீளமுள்ள இரும்பு, 30 டிகிரி வெப்பம் ஏறினால் நாலரை மில்லிமீட்டர் நீளும். அதற்காகத்தான் பழைய பாதைகளில் இணைப்புக்கு இணைப்பு இடைவெளி விட்டோம். வண்டியில் தடக் தடக் என்று கேட்குமே, அது அந்த இடைவெளியின் சத்தம். இடைவெளி விடாமல் நெருக்கி மாட்டினால் மே மாத மத்தியானத்தில் இரும்பு பாம்பு போல வளைந்துவிடும். அது இரும்பின் குற்றமல்ல, மாட்டியவன் குற்றம். இப்போது நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்கள் வந்துவிட்டன, இடைவெளி இல்லை. ஆனால் அதிலும், பிடிப்புகளை எல்லாம் கழற்றி, உள்ளே இருக்கும் இறுக்கத்தை வெளியேற்றி, சரியான வெப்பநிலையில் திரும்ப மாட்டும் வேலையைச் செய்தே ஆகவேண்டும். இரும்புக்குக் காட்டிய இந்தப் பரிவை நான் என் பிள்ளைக்குக் காட்டவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். கோச்சிங்குக்குப் பேர் போன கோட்டா நகரில் மட்டும் 2023-இல் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்களில் ஒவ்வொருவருக்கும் நடைமேடையில் தேடி ஓடிய ஒரு தகப்பன் இருந்திருப்பான். எனக்குக் கடைசி பெஞ்சில் பிள்ளை கிடைத்தான். நான் கெட்டிக்காரன் என்பதால் அல்ல. உங்கள் வீட்டில் பிள்ளை சாப்பாடு குறைந்து, தூக்கம் குறைந்து, பேச்சு குறைந்திருந்தால் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 14416. டெலி மானஸ் என்ற அரசாங்க உதவி எண், தமிழிலும் பேசலாம். பெரியவர்களும் பேசலாம்.

மறுபடியும் கோரமண்டல்

மகன் ஐ.டி.ஐ. படித்தான். தேர்வு எழுதி அசிஸ்டென்ட் லோகோ பைலட் ஆனான். இன்று லோகோ பைலட். "இன்ஜினியர் மகன் டிரைவர் ஆகிவிட்டானே" என்று காலனியில் சிலர் சொன்னார்கள். பொய் சொல்லமாட்டேன், கொஞ்ச காலம் எனக்கும் கூசியது. பிறகு ஒரு மழை இரவில், நாலாயிரம் டன் சரக்கு வண்டியை அவன் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கொண்டுவந்து நிறுத்தியதைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடம் நான் போட்டுப் பராமரித்த பாதைமேல் என் மகன் வண்டி ஓட்டுகிறான். இதைவிட என்ன வேண்டும்?

கதை இத்தோடு சுபம் என்று முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் பேத்தி ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த ஆண்டே ஃபவுண்டேஷன் கோச்சிங் சேர்க்கவேண்டும் என்று ஃபாரம் வாங்கிவந்து மேசைமேல் வைத்தவன் வேறு யாருமல்ல, என் டிராகன் குட்டிதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஏது யோக்கியதை? சென்ற டிசம்பரில் அவனையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு பெங்களூர் போய், அங்கிருந்து மாரிக்குப்பம் வண்டியில் கோரமண்டலில் இறங்கினேன்.

சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டுவிட்டன. நூற்றிருபது ஆண்டில் எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த பூமி. இன்று சயனைடு மேடுகளும் துருப்பிடித்த ராட்டினக் கோபுரங்களும்தான் மிச்சம். விடியற்காலை வண்டிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். நாங்கள் இருந்த லைன் வீட்டின் திண்ணை இன்னும் இருக்கிறது. பேத்தி அதில் உட்கார்ந்து கோபுரத்தைப் பார்த்துவிட்டு, "கொள்ளுத் தாத்தாவுக்கு இதுக்குள்ள போக பயமா இருக்காதா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு. அதனாலதான் என்னைப் படிக்கச் சொன்னாரு" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்து, "உங்களுக்கு என்ன பயம்ப்பா?" என்றாள்.

மகன் பதில் சொல்லவில்லை. திரும்பும் வண்டியில், பங்காருப்பேட்டை தாண்டிய பிறகு, என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "எதுக்குப் பயந்து அந்த ஃபாரத்தை வாங்கினேன்னு யோசிச்சுப் பாக்கறேன்ப்பா. ஒண்ணும் தோணலை. எல்லாரும் வாங்கினாங்க, வாங்கினேன்."

நான் சொல்லவந்த விஷயம் இவ்வளவுதான். நைனாவின் பயத்துக்கு 3,200 மீட்டர் ஆழம் இருந்தது. செருப்புக் கடைக்காரரின் பயத்துக்கு ஒரு முகாம் இருந்தது. நாட்டை விட்டு, ஊரை விட்டு வந்த நம் பெற்றோர் பலருக்கும் பசி என்ற பயம் இருந்தது. அந்தப் பயங்கள் பிள்ளைகளைத் தள்ளின, தள்ளியதால் பிழைத்தோம். பயம் போன பிறகும் தள்ளும் கை மட்டும் நிற்கவில்லை. பிள்ளையைத் தள்ளுவதற்கு முன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: எந்தக் குழியிலிருந்து இவனை மேலே ஏற்றுகிறேன்? குழி இருந்தால் தள்ளுங்கள், தப்பில்லை. குழியே இல்லை என்றால், கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்கு மேடையில் பரிசு கொடுக்கிறோம். கொடுக்கவேண்டியதுதான். மகனைக் கற்றவர் சபையில் முந்தியிருக்கச் செய்வதைத் தந்தையின் கடமையாக வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று கீழே நாற்காலி அடுக்கியவன், ஒலிபெருக்கி கட்டியவன், கோலம் போட்டவள், தாத்தா பாட்டிகளைக் கைப்பிடித்து அழைத்துவந்தவள் ஆகியோரையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்போம். அவர்களுடைய அப்பாக்கள் கீழே உட்கார்ந்து பார்க்கட்டும். பரிசுப் புத்தகங்களுக்கு ஆகும் செலவை என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன்.

பேத்தியின் ஃபாரம் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. பின்பக்கம் காலியாக இருந்ததால் அதில் ஒரு ராட்டினக் கோபுரம் வரைந்திருக்கிறாள். உச்சியில் மீசையோடு ஒரு டிராகன் உட்கார்ந்திருக்கிறது. பறக்கவில்லை. சும்மா உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.